கீசர் கசிகிறதா? மரையா, வெல்டா என்று முதலில் பாருங்கள்

தேனி மாவட்டம் கம்பத்தில் எனக்குச் சின்னதாக ஒரு எலக்ட்ரிகல் கடை. வேலையில் பாதி கம்பம், கூடலூர், லோயர்கேம்ப் பக்கம். மீதிப் பாதி மலைக்கு மேலே, கேரளத்துக் குமுளியில். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளுக்குப் பின்னாலேயே காலையில் பைக்கில் ஏறினால், இருட்டுவதற்குள் இறங்கிவிடுவேன். இரண்டு ஊருக்கும் நடுவில் கொஞ்சம் கொண்டை ஊசி வளைவும் ஒரு செக்போஸ்ட்டும்தான். ஆனால் கீசர் சாகிற விதம் இரண்டு இடத்திலும் வேறு. கீழே போர் தண்ணீரின் உப்பு, தண்ணீரைச் சூடாக்கும் காயிலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அதை வெடிக்க வைக்கும். மேலே மழைத் தண்ணீர் மாதிரி இருக்கிற ஊற்றுத் தண்ணீர் உப்பே கட்டாது, ஆனால் சத்தமில்லாமல் உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் குமுளியிலிருந்து ஒரு சேச்சி கூப்பிட்டு, "கீசரில் நின்னு வெள்ளம் வருன்னு" என்றார். போனை எடுத்தவன் கடைக்குப் புதிதாக வந்த பையன். வெள்ளம் என்றதும் பதறிப்போய், "மெயினை ஆஃப் பண்ணுங்க, வீட்டை விட்டு வெளிய வாங்க" என்று கத்திவிட்டான். போய்ப் பார்த்தால் நிமிடத்துக்கு நாலு சொட்டு. மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்தான் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் அவன் மெயினை அணைக்கச் சொன்னதில் தப்பே இல்லை. நாலு சொட்டாக இருந்தாலும் முதல் வேலை அதுதான்.

தொடுவதற்கு முன்னால்

கீசருக்கென்று தனி எம்சிபி, அதாவது மெயின் போர்டில் இருக்கும் ட்ரிப் சுவிட்ச், இருந்தால் அதை இறக்குங்கள். இல்லையென்றால் வீட்டு மெயினை இறக்குங்கள். குளியலறை சுவிட்சை ஈரக் கையால் தொட வேண்டாம். அந்த சுவிட்ச் போர்டுக்கு மேலேயே தண்ணீர் வழிந்தால் கிட்டப் போகவே வேண்டாம். பிளக் மாட்டியிருந்தால் மெயின் இறங்கிய பிறகு பிடுங்கி, அதன் முள்ளைப் பாருங்கள். கருகியிருந்தால் அது இன்னொரு பிரச்சினை. 2000 வாட் காயில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட் தளர்ந்திருந்தால் சூடேறிக் கருகிவிடும்.

அடுத்து, கீசருக்குப் போகிற பச்சைத் தண்ணீர் வால்வை மூடுங்கள். பிறகு இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். உள்ளே இருப்பது 60, 65 டிகிரி தண்ணீர். சுற்றிலும் ஃபோம் இருப்பதால் சீக்கிரம் ஆறாது.

ஆறிய பிறகு வெளிப்பக்கம் முழுவதையும் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். இணைப்புகளைச் சுற்றியும் அடி மூடியைச் சுற்றியும் திருநீற்றைத் தடவி, மெயின் இறங்கியபடியே பச்சைத் தண்ணீர் வால்வை மட்டும் திறந்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். தண்ணீர் எங்கே தொடங்கி எங்கே இறங்கியது என்று திருநீற்றில் கோடு விழுந்திருக்கும். சாக்பீஸ் தூளும் ஆகும். கசிவு பல நேரம் தொடங்கிய இடத்தில் சொட்டாது, பக்கத்தில் இருக்கிற தாழ்வான இடத்துக்கு ஓடிப்போய்த்தான் சொட்டும். சொட்டுகிற இடத்தைப் பார்த்து முடிவு சொல்கிற ஆளை நம்ப வேண்டாம்.

இந்தத் தொழிலில் நான் வைத்திருக்கிற கணக்கு ஒன்றே ஒன்றுதான். மரை போட்டு முறுக்கிய இடத்தில், போல்ட் போட்ட இடத்தில் கசிந்தால் ரிப்பேர். வெல்டு வைத்த இடத்தில் கசிந்தால் புதுசு. கீழே சொல்வதெல்லாம் உங்கள் கசிவு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கத்தான்.

சூடாகும்போது மட்டும் வால்வு மூக்கிலிருந்து சொட்டுகிறது

பச்சைத் தண்ணீர் உள்ளே போகிற இடத்தில் கட்டை விரல் தடிமனில் ஒரு வால்வு இருக்கும். பக்கவாட்டில் ஒரு சின்ன மூக்கு, மேலே ஒரு லீவர். சேஃப்டி வால்வு. எனக்கு வருகிற "கீசர் லீக்" போன்களில் பெரும் பங்கு இந்த மூக்கைப் பற்றித்தான். அதில் பாதி கசிவே இல்லை.

தண்ணீர் சூடானால் பெருகும். 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்கு ஏறும்போது ஏறக்குறைய 250 மில்லி கூடுகிறது, ஒரு டம்ளருக்கும் கொஞ்சம் அதிகம். அந்த வால்வுக்குள்ளேயே தண்ணீர் பின்னால் திரும்பாதபடி தடுக்கும் ஒரு கதவும் இருக்கிறது. அதனால் பெருகிய தண்ணீர் மாடித் தொட்டிக்குத் திரும்ப முடியாது. பைப் மூடியிருந்தால் முன்னாலும் போக முடியாது. அழுத்தம் ஏறி ஏறிக் கடைசியில் இந்த மூக்கைத் திறந்து சொட்டும். டேங்க்கைக் காப்பாற்றத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். சூடேறும் இருபது நிமிடம் சொட்டிவிட்டு, கீசர் ஆஃப் ஆனதும் நின்றுவிட்டால் பேசாமல் விடுங்கள். தரை நனைவது பிடிக்கவில்லை என்றால் மூக்கில் ஒரு மெல்லிய டியூபை மாட்டி வடிகாலுக்கு இறக்கிவிடுங்கள். டியூபின் நுனி திறந்தே இருக்க வேண்டும்.

கீசர் ஆஃப் ஆகி, தண்ணீர் ஆறிய பிறகும் சொட்டினால் வால்வில் கோளாறு. மாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்கூட அதன் அழுத்தம் 1 பார்தான். பெரும்பாலான வால்வுகள் திறக்கிற அழுத்தம் அதைப்போலப் பல மடங்கு. ஆகவே ஆறின தண்ணீர் சொட்டுகிறது என்றால் உள்ளே சுண்ணாம்புத் துகளோ மணலோ உட்கார்ந்துகொண்டு வால்வை மூட விடவில்லை என்று அர்த்தம். லீவரை மூன்று நான்கு முறை தூக்கித் தூக்கி விடுங்கள், துகள் அடித்துக்கொண்டு போகும். நிற்கவில்லையா, வால்வை மாற்றுங்கள். எங்கள் பக்கம் 300 முதல் 500 ரூபாய்க்குக் கிடைக்கும், கால் மணி நேர வேலை. இதற்காகக் கீசரை மாற்றச் சொல்கிறவரிடம் வேறு ஏதோ கணக்கு இருக்கிறது. பிரஷர் பம்ப் வைத்த லாட்ஜ்களில் பம்ப் தட்டித் தட்டி நிற்கிற அதிர்ச்சியில் இந்த வால்வு வருடத்துக்கு ஒன்று போகும். அங்கே பைப்பில் பிரஷர் குறைக்கும் வால்வு ஒன்றைத் தனியாகப் போட்டால் செலவு நிற்கும்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. ஐயப்பன் சீசனில் குமுளியில் ஒரு தங்கும் விடுதி. கார்த்திகை, மார்கழி முழுக்க ஒரு நாளில் கீசர் அணைகிற நேரமே குறைவு. மூக்கில் சொட்டுகிறதே என்று யாரோ புண்ணியவான் எம்சீல் வைத்து அடைத்திருந்தார். நான் போனது வேறு அறைக்கு. தற்செயலாக இதைப் பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. தண்ணீர் சூடானதும் கரண்டை நிறுத்துகிற தெர்மோஸ்டாட் ஒரு நாள் ஒட்டிக்கொண்டால் அது கீசர் இல்லை, மூடி அடைத்த குக்கர். எம்சீல், மரக்குச்சி, திருகாணி, எதுவுமே அந்த மூக்குக்குள் போகக் கூடாது.

பைப் சேரும் இடத்தில் ஈரம், பச்சை அல்லது வெள்ளைப் பூ

பித்தளையில் பச்சைப் பூ, மற்ற இடத்தில் வெள்ளைப் பூ. ரொம்ப நாளாக மெல்லக் கசிந்து காய்ந்து கசிந்து வந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பெரும்பாலும் கனெக்ஷன் பைப்பின் வாசர் இறுகி வெடித்திருக்கும். சூடு தண்ணீர்ப் பக்கத்து வாசர்தான் முதலில் போகும். வாசரை மட்டும் மாற்றலாம். ஆனால் பைப்பின் மேல் சுற்றிய கம்பிப் பின்னல் துருப்பிடித்து ஒரு இழை அறுந்திருந்தாலும் பைப்பையே மாற்றுங்கள். அது வெடித்தால் சொட்டாது, சீறும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கீசரிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் இரண்டு நிப்பிளும் உள் டேங்க்கோடு வெல்டு ஆனவை. கசிகிறதே என்று ஸ்பானரைப் போட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினால் நிப்பிளே சேர்ந்து திரும்பும், உள்ளே வெல்டு விடும். 50 ரூபாய் வாசர் வேலை அந்த ஒரு முறுக்கில் புதுக் கீசர் செலவாகிவிடும். வால்வின் உடம்பை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் பைப் நட்டைத் திருப்புங்கள். வாசர் இருக்கும் மூட்டுக்குக் கை இறுக்கத்துக்கு மேல் கால் சுற்றுப் போதும், டெஃப்லான் டேப் வேண்டாம். வாசர் இல்லாத மரைக்கு டேப் பத்துப் பன்னிரண்டு சுற்று, மரை ஏறும் திசையிலேயே.

நிப்பிளின் அடிக்கழுத்தில், உடம்போடு சேரும் இடத்திலிருந்தே தண்ணீர் வருகிறது என்றால் அது மரைக் கசிவு இல்லை. வெல்டு. கீழே "தகட்டு இடுக்கு" என்ற பகுதிக்கு வாருங்கள்.

காலையில் மட்டும் வேர்க்கிறது

இது குமுளிக்கு மட்டும். ஆடி மாத மழையில், குளியலறைக்குள் யாராவது சூடு தண்ணீரில் குளித்துவிட்டுப் போன பிறகு, குளிர்ந்த பைப்பின் மேலும் வால்வின் மேலும் ஆவி படிந்து முத்து முத்தாக நிற்கும். சேர்ந்து சொட்டவும் செய்யும். துடைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து ஒரு நாள் பாருங்கள். கம்பத்துக்காரர்கள் இதை நினைத்து ஏமாற வேண்டாம், உங்கள் ஊரில் வேர்ப்பது நீங்கள் மட்டும்தான்.

அடி மூடியிலிருந்து சொட்டுகிறது

கீசருக்கு அடியில், இண்டிகேட்டர் விளக்கும் ஒயரும் இருக்கிற பிளாஸ்டிக் மூடி. அதன் ஓரத்தில் இருந்து சொட்டினால் தண்ணீரும் கரண்டும் ஒரே அறையில் இருக்கின்றன. இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. ஆனால் ரிப்பேர் செய்து ஜெயிக்கிற கேஸும் பெரும்பாலும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மூடியைக் கழற்றினால் வட்டமாக ஒரு தகடு, சுற்றி ஐந்தாறு போல்ட் தெரியும். ஃபிளாஞ்ச் என்பார்கள். காயிலும் தெர்மோஸ்டாட் குழாயும் அதில்தான் பொருந்தியிருக்கின்றன. மக்னீசியம் கம்பியும் பல மாடல்களில் இதில்தான். தகட்டுக்கும் டேங்க்குக்கும் நடுவில் ரப்பர் கேஸ்கெட். வருடக்கணக்காகச் சூட்டிலேயே இருந்து ரப்பர் கல்லாகிவிடும், போல்ட்டும் கொஞ்சம் தளரும். கசிவு தொடங்கும்.

இதே தகட்டில் இன்னும் இரண்டு வழி உண்டு. தெர்மோஸ்டாட்டை மெல்லக் கீழே இழுத்துப் பாருங்கள். அது தண்ணீருக்குள் இல்லை, ஒரு காய்ந்த குழாய்க்குள் செருகியிருக்கிறது. வெளியே வரும் கம்பி ஈரமாக இருந்தால் அந்தக் குழாய் ஓட்டையாகிவிட்டது. காயிலின் இரண்டு முனைகள் தகட்டைத் துளைத்து வருகிற இடத்தில் ஈரம் என்றால் காயிலின் சீல் போய்விட்டது. இந்த இரண்டுக்கும் கேஸ்கெட் மாற்றிப் பிரயோசனமில்லை, காயில் செட்டோடு மாற்ற வேண்டும்.

வேலை இப்படி. பச்சைத் தண்ணீர் வால்வு மூடியிருக்கிறது, கரண்ட் இல்லை என்பதை டெஸ்டரால் இன்னொரு முறை பாருங்கள். சூடு தண்ணீர் பைப்பைத் திறந்து விடுங்கள், காற்று உள்ளே போக வழி வேண்டும். பச்சைத் தண்ணீர்ப் பக்கத்துக் கனெக்ஷன் பைப்பைக் கழற்றிவிட்டு வால்வின் லீவரைத் தூக்கிப் பிடித்தால் தண்ணீர் மூக்கு வழியாக மெல்ல வடியும். அவசரமென்றால் வால்வையே நிப்பிளிலிருந்து கழற்றிவிடலாம், அப்போதும் இரண்டு ஸ்பானர்தான். பக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். ஒயர்கள் இருக்கும் நிலையை செல்போனில் போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். இதைச் செய்யாமல் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டவர்கள் கணக்கில்லை. போல்ட்டுகளைக் கழற்றித் தகட்டை இறக்கும்போது மிச்சம் இருக்கிற தண்ணீரும் உப்புச் சேறும் முகத்துக்கு நேரே வரும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

கூடலூர் போர் தண்ணீர்க் கீசரென்றால் உள்ளே உடைந்த முட்டை ஓடு மாதிரி கைப்பிடி கைப்பிடியாக விழும். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு சூட்டில் பிரிந்து காயிலின் மேல் கட்டியது. கட்டி தடித்தால் காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாது. உள்ளேயே கொதித்து உறை வெடிக்கும். கீசர் ஓடும்போது "கொற கொற" என்று சத்தம் கேட்டதென்றால் இதுதான் காரணம். லோயர்கேம்பிலிருந்து வரும் பெரியாற்றுத் தண்ணீரை விடுகிற வீட்டில் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. ஒரே தெருவில், ஒரே வருடம் வாங்கிய இரண்டு கீசர். போர் தண்ணீர் வீட்டில் காயில் மூன்றாவது, நகராட்சித் தண்ணீர் வீட்டில் கம்பெனிக் காயிலே இன்னும் ஓடுகிறது.

தகட்டை இறக்கிய பிறகு, புதுக் கேஸ்கெட்டைப் போடுவதற்கு முன்னால், டேங்க்கின் வாயை விரலால் தடவிப் பாருங்கள். கேஸ்கெட் உட்காரும் அந்த வட்டம் வழவழப்பாக இருந்தால் நிம்மதியாகப் போடலாம். துருவில் குழி குழியாக அரித்திருந்தால், அல்லது வாய்க்குப் பக்கத்தில் எனாமல் பூச்சு தகடாகப் பெயர்ந்திருந்தால், எந்தக் கேஸ்கெட்டும் ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது. சிலிக்கான் பேஸ்ட் தடவி நிறுத்திவிடலாம் என்று சொல்வார்கள். நானும் ஆரம்பத்தில் செய்திருக்கிறேன். ஆறாவது வாரம் அதே வீட்டுக்குப் போய், கூலி வாங்காமல் திரும்பி வந்திருக்கிறேன். ரிப்பேர், புதுசு என்ற முடிவு இந்த விரல் தடவலில்தான் இருக்கிறது.

வாய் நன்றாக இருந்தால் உப்பை மரக்கரண்டியால் சுரண்டி எடுங்கள். எனாமல் டேங்க்குக்குள் ஸ்க்ரூடிரைவர் போட்டுக் குடையாதீர்கள், பூச்சு போய்விடும். மக்னீசியம் கம்பி பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தாலோ நடுக்கம்பி வெளியே தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். டேங்க்குக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காகவே இருக்கிற கம்பி அது. அது தீர்ந்த மறுநாளிலிருந்து தண்ணீர் டேங்க்கைச் சாப்பிடத் தொடங்கும். போல்ட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். வால்வையும் பைப்பையும் மாட்டி, தண்ணீரை விட்டு, சூடு தண்ணீர்ப் பைப்பில் காற்றில்லாமல் ஒழுகு அறாமல் வந்த பிறகுதான் கரண்ட். வெறும் டேங்க்கில் காயிலைப் போட்டால் ஒரு நிமிடத்தில் புதுக் காயில் போச்சு.

கேஸ்கெட் 100, 150 ரூபாய். காயில் மாடலைப் பொறுத்து 500 முதல் 900. என் கூலி சேர்த்தாலும் 1500-க்குள் முடியும். டேங்க் நன்றாக இருக்கும்போது இந்தச் செலவுக்குத் தயங்கவே வேண்டாம்.

கசிவே தெரியவில்லை, ஆனால் ட்ரிப் ஆகிறது

கீசரைப் போட்டதும் அல்லது போட்டுச் சில நிமிடத்தில் ஈஎல்சிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே அணைகிற சுவிட்ச், விழுகிறது. காயிலின் உறையில் மயிரிழை வெடிப்பு, தண்ணீர் உள்ளே போய்க் கரண்டை டேங்க்குக்குக் கடத்துகிறது. காயிலை மாற்றினால் சரி. ஈஎல்சிபி இல்லாத பழைய வீடுகளில் இதே கோளாறு பைப்பைத் தொட்டால் சுருக்கென்று குத்துவதாகத் தெரியும். "லேசாத்தான் தம்பி அடிக்குது" என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டி மூன்று மாதம் குளித்திருக்கிறார். எர்த் கம்பி கொஞ்சமாவது வேலை செய்ததால் பிழைத்தார். அந்த வீட்டில் காயிலை மாற்றுவதற்கு முன்னால் 30 மில்லிஆம்பியர் ஈஎல்சிபி ஒன்றைப் போட்டேன். கீசர் ரிப்பேரா புதுசா என்று யோசிப்பதற்கெல்லாம் முன்னால் வர வேண்டிய செலவு அது.

சீறிக்கொண்டு ஆவியோ கொதிநீரோ வந்தது

பல கீசர்களில் அளவு மீறிச் சூடானால் உருகித் திறக்கும் ஒரு சின்ன பிளக் இருக்கிறது. அது போயிருந்தால் பிளக் மட்டும் வாங்கி மாட்டிவிட்டுப் போகிற ஆளைக் கூப்பிடாதீர்கள். தெர்மோஸ்டாட்டும் சேர்ந்து, அது தவறினால் கரண்டைத் துண்டிக்கப் பின்னால் நிற்கிற கட்அவுட்டும் சேர்ந்து கைவிட்டிருந்தால்தான் பிளக் வரைக்கும் வரும். மூன்றையும் மாற்ற வேண்டும். எட்டு வருடம் தாண்டிய கீசரென்றால் நான் மாற்றித் தர மாட்டேன், புதுசு வாங்கச் சொல்லிவிடுவேன்.

தகட்டு இடுக்கில், ஃபோம் ஓட்டையில் இருந்து வருகிறது

வெளித் தகடு சேரும் இடுக்கில் துருக் கண்ணீர் மாதிரி ஒரு கோடு. அல்லது அடி மூடியைக் கழற்றினால் ஃபிளாஞ்ச் காய்ந்து இருக்கிறது, போல்ட்டுகள் காய்ந்து இருக்கின்றன, ஆனால் ஃபோமுக்கும் டேங்க்குக்கும் நடுவிலிருந்து சொட்டுகிறது. மஞ்சள் ஃபோமை அமுக்கினால் பஞ்சு மாதிரி தண்ணீர் ஊறுகிறது. நிப்பிளின் கழுத்தில் கசிவதும் இதே கணக்கு. உள் டேங்க் ஓட்டை. முடிந்தது.

"வெல்டு வச்சுத் தரேண்ணே, ஆயிரம் ரூபா கொடுங்க" என்று ஒருவர் வருவார். ஓட்டை எங்கே என்று பார்க்கவே ஃபோமைப் பிய்த்து எறிய வேண்டும். எனாமல் பூசிய டேங்க்காக இருந்தால் வெல்டு வைக்கிற சூட்டில் உள்பக்கத்துப் பூச்சு சுற்றிலும் நொறுங்கி, ஒரு ஓட்டைக்குப் பதிலாக நாலு ஓட்டைக்கு வழி கிடைக்கும். எவர்சில்வர் டேங்க்கில் பொதுவாக ஓட்டை விழுவதே வெல்டு ஓரத்தில்தான். உவர்ப்பான போர் தண்ணீரில் இருக்கிற குளோரைடு, சூடும் சேர்ந்தால், வெல்டு ஓரத்தைக் கீறிவிடும். அதன் மேல் இன்னொரு வெல்டு வைத்தால் அதற்கும் ஒரு ஓரம் உண்டு. பிய்த்த ஃபோம் திரும்ப வராது. சூடு நிற்காமல் மின்சாரக் கட்டணம் ஏறும். நான் பார்த்த வரையில் வெல்டு வைத்த டேங்க் ஒரு பொங்கலிலிருந்து அடுத்த பொங்கலைப் பார்த்ததில்லை.

குப்பையில் போடுவதற்கு முன்னால் பில்லைத் தேடுங்கள். காயிலுக்கும் மற்றதுக்கும் வாரண்டி இரண்டு மூன்று வருடத்தில் முடிந்திருந்தாலும் டேங்க்குக்குப் பல கம்பெனிகள் 5, 7 வருடம் என்று தனியாகக் கொடுக்கின்றன. குமுளியில் ஒரு டீக்கடைக்காரர் நாலு வருடக் கீசரைப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டு போகிற வழியில் என்னைப் பார்த்தார். டேங்க் வாரண்டி இன்னும் இருந்தது. எல்லையோரத்தில் ஒரு சிக்கல்: பில் கம்பத்துக் கடையில், வீடு கேரளத்தில். தேனிப் பக்கத்து சர்வீஸ்காரர் மலையேற மாட்டேன் என்றார், இடுக்கிப் பக்கத்து ஆள் பில் தமிழ்நாடு என்றார். கம்பெனியின் இலவச எண்ணில், கீசர் மாட்டியிருக்கும் வீட்டின் பின்கோடைச் சொல்லிப் புகாரைப் பதிந்த பிறகுதான் ஆள் வந்தார். வாங்குகிற அன்றைக்கே மாட்டுகிற இடத்தின் முகவரியிலேயே பதிந்துவிட்டால் இந்த அலைச்சல் இருக்காது. கழற்றி எறிந்துவிட்டுக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது, பார்க்க வருகிறவர் சுவரில் மாட்டியபடியே பார்க்க வேண்டும்.

சூடு தண்ணீர் மட்டும் செம்மண் நிறம்

பச்சைத் தண்ணீரும் அதே நிறமென்றால் மாடித் தொட்டியையோ பழைய இரும்புப் பைப்பையோ பாருங்கள். சூடு தண்ணீர் மட்டும் என்றால் டேங்க் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது, இன்னும் ஓட்டையாகவில்லை. மக்னீசியம் கம்பியை மாற்றினால் கொஞ்ச காலம் ஓடலாம். குமுளி வீடுகளில் இதை அதிகம் பார்க்கிறேன். உப்புக் கட்டாத தண்ணீர் என்பதால் பத்து வருடம் யாரும் அடி மூடியைத் திறப்பதே இல்லை, கம்பி எப்போதோ தீர்ந்திருக்கும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும்போது

மரைக் கசிவுதான், ஆனால் கீசர் பழசு. அப்போது என்ன? எல்லா ரிப்பேரும் சேர்த்து, புதுக் கீசர் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் வேண்டாம் என்பேன். 15 லிட்டர் கீசர் இன்றைக்கு எங்கள் பக்கம் சுமார் 7,000 முதல் 11,000. ரிப்பேர் அந்த மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே என்றால் டேங்க்கின் வாயும் வயதும் பேசட்டும். போர் தண்ணீரில் ஏழு வருடம் தாண்டியது, வாயில் குழி விழுந்தது, இரண்டாவது காயிலும் போனது என்றால் மூன்றாவது காயிலுக்குக் காசு போட வேண்டாம். அதே ஏழு வருடம் பெரியாற்றுத் தண்ணீரில், வாய் வழவழவென்று இருந்தால் கேஸ்கெட்டை மாற்றிவிட்டு இன்னும் ஐந்து வருடம் குளிக்கலாம். சமையலறையில் மாட்டுகிற 3 லிட்டர் கீசருக்கு இந்த யோசனையெல்லாம் கிடையாது. பைப், வாசர் தவிர வேறெதில் கசிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

புதுசு வாங்கும்போது கடைக்காரரிடம் முதலில் உங்கள் தண்ணீரைச் சொல்லுங்கள், அப்புறம் வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லுங்கள். உவர்ப்புத் தண்ணீருக்கு எனாமல் பூச்சு டேங்க்கும் தடிமனான மக்னீசியம் கம்பியும் நல்லது. காயிலுக்கும் பூச்சு இருந்தால் உப்பைத் தட்டி எடுப்பது சுலபம். மலைத் தண்ணீருக்கு எவர்சில்வர் போதும். தெர்மோஸ்டாட்டை 55, 60 டிகிரியில் வையுங்கள், அதற்கு மேலே போகப் போக உப்பு வேகமாகக் கட்டும். 25 லிட்டர் வாங்கினால் தண்ணீரோடு 35 கிலோவுக்கு மேல் சுவரில் தொங்கும். ஹாலோ பிளாக் சுவரில் பழைய 10 லிட்டர் கீசரின் கொக்கியிலேயே அதை மாட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். புது போல்ட், புது வால்வு, புதுக் கனெக்ஷன் பைப். பழைய பைப்பை "நல்லாத்தானே இருக்கு" என்று எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள்.

மாட்டி முடித்த முதல் ராத்திரி கீசருக்கு நேர் கீழே தரையில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுப் படுங்கள். காலையில் குளிக்கப் போவதற்கு முன்னால், விளக்கைப் போட்டு, அதில் வட்டம் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் மாட்டியவரை அன்றைக்கே கூப்பிடுங்கள், அது இன்னும் அவர் வேலைதான்.